ஊசி கொடுத்தால் தொற்று குறையும் என்று தெரிந்தும் அரசுகள் ஏன் மறுக்கின்றன?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. போதை ஊசி போடுபவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுத்தால் எச்.ஐ.வி. பரவல் குறையும் என்பதற்கு ஆதாரம் உறுதியாக இருக்கிறது என்றால், பல அரசுகள் அதை ஏன் இன்னும் ஏற்கவில்லை? அடுத்தது: கனடாவில் நடந்த இரண்டு ஆய்வுகளில் ஊசி மையத்துக்குப் போனவர்களிடையேதான் தொற்று அதிகம் என்று வந்ததே, அப்படியானால் ஆதாரமே சந்தேகத்துக்கு உரியதுதானே?

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

மான்ட்ரியாலில் ஜூலி புரூனோ தலைமையிலான குழு, போதை ஊசி போடுபவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1997-இல் முடிவை வெளியிட்டது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி கொடுக்கும் ஊசி மாற்று மையத்துக்கு வந்தவர்களுக்கு, வராதவர்களைவிட அதிகமாக எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. அதே ஆண்டு வான்கூவர் ஆய்வும் வந்தது. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல் ஊசி கொடுத்துவந்த நகரம் அது. அங்கே தொற்று இல்லாத நூறு பேரை ஓராண்டு கவனித்தால் 18 பேருக்கு மேல் புதிதாகத் தொற்றிக்கொண்டிருந்தது. இவை இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட, நேர்மையான ஆய்வுகள். எண்களில் பிழை இல்லை.

ஆனால் மையத்துக்கு யார் வந்தார்கள் என்று பாருங்கள். கனடாவில் மருந்துக்கடையில் காசு கொடுத்துச் சிரிஞ்சு வாங்கச் சட்டத் தடை இல்லை. கையில் கொஞ்சம் பணமும் தங்க ஓர் இடமும் இருந்தவர்கள் கடையில் வாங்கிக்கொண்டார்கள். இலவச மையத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் வீடற்றவர்கள், பாலியல் தொழிலில் இருந்தவர்கள், கோக்கைனை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். ஹெராயின் ஒரு நாளைக்குச் சில முறைதான். கோக்கைனின் வேகம் சில நிமிடங்களில் இறங்கிவிடும் என்பதால், மோசமான நாளில் இருபது முறைகூடக் குத்திக்கொள்வார்கள். மான்ட்ரியாலில் ஒருவருக்கு ஒரு முறை வந்தால் 15 ஊசிதான் என்று வரம்பு வேறு இருந்தது. ஒரு நாளைக்கே போதாத எண்ணிக்கை அது. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவர்களையும் வீட்டில் இருப்பவர்களையும் ஒப்பிட்டு, வரிசையில் நிற்பதால்தான் நோய் வருகிறது என்று நாம் சொல்வதில்லை. வான்கூவர் குழு 1999-இல் மறுபடி அலசியபோது, அடிக்கடி வந்தவர்கள் தொடக்கத்திலேயே அதிக ஆபத்தில் இருந்தவர்கள் என்பதும், அதைக் கணக்கில் எடுத்தால் மையத்துக்கும் தொற்றுக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிடுகிறது என்பதும் தெரிந்தது. அவர்களுடைய முதல் கட்டுரையின் தலைப்பே ஊசி மாற்று மட்டும் போதாது என்றுதான் சொன்னது. இன்னும் நிறைய ஊசி, அதோடு சிகிச்சை, தங்குமிடம் எல்லாம் வேண்டும் என்பது அவர்களின் முடிவு.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் அந்த ஆய்வுகள் எப்படி ஒலித்தன தெரியுமா? ஊசி கொடுப்பது எச்.ஐ.வி.யைக் கூட்டுகிறது என்று கனடாக்காரர்களே நிரூபித்துவிட்டார்கள் என்று. பொறுக்க முடியாமல் புரூனோவும் வான்கூவர் குழுவின் மார்ட்டின் ஷெக்டரும் 1998 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் சேர்ந்து எழுதினார்கள்: எங்கள் முடிவுகளைத் தவறாகப் படிக்கிறீர்கள் என்று. ஆய்வைச் செய்தவர்களே வந்து சொன்ன பிறகும் அந்த வாதம் ஓயவில்லை. இன்று உங்கள் கேள்வி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இதிலிருந்துதான் முதல் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் பணத்தை ஊசித் திட்டங்களுக்குச் செலவிடக் கூடாது என்ற தடை 1988-இல் வந்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: திட்டம் எச்.ஐ.வி.யைக் குறைக்கிறது, போதைப் பழக்கத்தைக் கூட்டவில்லை என்று நாட்டின் சுகாதாரத் தலைமை உறுதிசெய்தால் தடையை விலக்கலாம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆதாரம் கொண்டுவா, பணம் தருகிறேன் என்பதுதானே? ஆதாரம் வந்துகொண்டே இருந்தது. 1991-இல் தேசிய எய்ட்ஸ் ஆணையம் ஆதரித்தது. 1993-இல் நாடாளுமன்றத்தின் சொந்தத் தணிக்கை அமைப்பும், கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தனித்தனியே அறிக்கை கொடுத்தார்கள். 1995-இல் தேசிய அறிவியல் அகாடமி. 1997-இல் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு. எல்லாம் ஒரே திசையைக் காட்டின.

1998 ஏப்ரல் 20 அன்று சுகாதார அமைச்சர் டோனா ஷலேலா அறிவித்தார்: ஊசித் திட்டங்கள் எச்.ஐ.வி.யைக் குறைக்கின்றன, போதைப் பழக்கத்தைத் தூண்டவில்லை, அறிவியல் இதை உறுதிப்படுத்திவிட்டது. 1988-இல் வைத்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. அதே அறிவிப்பில் அடுத்த வரி: ஆனாலும் தடை தொடரும். வெள்ளை மாளிகையில் போதை ஒழிப்புத் துறையின் தலைவராக இருந்த பாரி மெக்காஃப்ரி எதிர்த்தார். தேர்தல் கணக்கு குறுக்கே வந்தது. அதிபர் கிளின்டன் பின்வாங்கினார். நான்கு ஆண்டு கழித்து, பதவியெல்லாம் போன பிறகு, 2002-இல் பார்சிலோனா எய்ட்ஸ் மாநாட்டில் தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

என் துணிபு இதுதான்: "இன்னும் ஆதாரம் வேண்டும்" என்ற கோரிக்கை பல நேரங்களில் அறியாமையிலிருந்து பிறப்பதில்லை. இல்லை என்று சொல்லும் வேலையைத் தள்ளிப்போடும் வழி அது. இல்லை என்று நேராகச் சொன்னால், இந்த மனிதர்கள் செத்தாலும் பரவாயில்லை என்று சொன்னதாகிவிடும். ஆய்வு போதவில்லை என்றால் பொறுப்பு ஆய்வாளர் தலைக்குப் போய்விடும். வாஷிங்டன் நகரத்துக்கு நடந்தது இன்னும் கொடுமை. 1998 முதல் 2007 இறுதி வரை, தன் சொந்த வரிப்பணத்தைக்கூட ஊசித் திட்டத்துக்குச் செலவிடக் கூடாது என்று நாடாளுமன்றம் அந்த நகரத்தின் கையைக் கட்டியது. தடை நீங்கிய பின் வந்த இரண்டே ஆண்டுகளில் சுமார் 120 புதிய தொற்றுகள் தவிர்க்கப்பட்டன என்று பின்னர் கணக்கிட்டார்கள். கையைக் கட்டிவைத்திருந்த ஆண்டுகளை இதோடு பொருத்திப் பாருங்கள்.

இது வலதுசாரி, இடதுசாரிச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் வலதுசாரியான தாட்சர் அரசு போதைப்பொருள் விஷயத்தில் கடுமையானது. எடின்பரோவில் 1980-களின் தொடக்கத்தில் போலீஸ் சிரிஞ்சுகளைப் பறிமுதல் செய்தது, கடைகள் விற்பதை நிறுத்தின. இருந்த சில ஊசிகளைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு குடும்ப மருத்துவர் தன்னிடம் வந்த ஊசிப் பயனாளர்களைச் சோதித்து 1986-இல் வெளியிட்ட முடிவில் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் கிளாஸ்கோவில் அது மிகக் குறைவு. அடுத்த ஆண்டே அந்த அரசு சோதனை முறையில் ஊசி மாற்று மையங்களைத் திறந்தது. 1988-இல் அரசின் ஆலோசனைக் குழு, போதைப் பழக்கத்தைவிட எச்.ஐ.வி. பரவல்தான் பெரிய ஆபத்து என்று எழுதியே கொடுத்தது. அமெரிக்காவில் தடைச் சட்டம் வந்த அதே ஆண்டு! பிரிட்டனிடம் அப்போது இருந்த ஆதாரம், பத்து ஆண்டு கழித்து ஷலேலாவிடம் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பயம் இருந்தது, தொற்று எல்லோருக்கும் வரும் என்ற பயம். நோயாளிகள் வாக்காளர்களின் பிள்ளைகளாகத் தெரிந்தால் ஆதாரம் சீக்கிரம் போதுமானதாகிவிடுகிறது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி என்ற மாவட்டத்திலும் இதுவே நடந்தது. அங்கே ஆஸ்டின் என்ற ஊரில் நாலாயிரத்துச் சொச்சம் பேர். ஆக்ஸிமார்ஃபோன் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் வேரூன்றியிருந்தது. ஊசி மாற்றுத் திட்டம் மாநிலச் சட்டப்படி செல்லாது. மாவட்டத்தில் இலவசமாக எச்.ஐ.வி. சோதனை செய்துவந்த மருத்துவமனை 2013-இல் மூடப்பட்டிருந்தது. 2015-இல் தொற்று வெளியே தெரிந்தது. நவம்பருக்குள் 181 பேர், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி தொற்றும் இருந்தது. ஊசி கொடுப்பதைக் கொள்கையளவில் எதிர்த்துவந்த ஆளுநர் மைக் பென்ஸ், மார்ச் 26 அன்று அவசர நிலை அறிவித்து முப்பது நாளைக்கு அனுமதி கொடுத்தார். பிறகு சட்டமே மாறியது. அந்த ஆண்டு இறுதியில் கூட்டாட்சித் தடையும் தளர்ந்தது. ஊழியர் சம்பளம், வாடகை, சோதனை ஆகியவற்றுக்கு அரசுப் பணம் தரலாம், ஊசி வாங்க மட்டும் கூடாது! யேல் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2013 தொடக்கத்திலேயே செயல்பட்டிருந்தால் தொற்று 56 பேரைத் தாண்டியிருக்காது. ஹெபடைடிஸ் சி பரவுவதை வைத்து அபாயத்தை அதற்கு முன்பே கண்டிருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

பலன் கண்ட பின்னாவது அந்தத் திட்டம் நிலைத்ததா? புதிய தொற்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய பிறகு, 2021 ஜூனில், கவுண்டி நிர்வாகக் குழு இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் திட்டத்தை முடித்துவைத்தது. அந்த மண்ணிலேயே, அந்த மக்களைக் காத்தே கிடைத்த ஆதாரம் அது. நோய் குறைந்தது என்பதே இனி தேவையில்லை என்பதற்குக் காரணமாகிவிட்டது. தடுப்புப் பணி எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு, அம்மைத் தடுப்பூசி உட்பட. வராத நோயைக் கண்ணால் காட்ட முடியாது.

இன்னொரு முடிச்சு இருக்கிறது, பலர் கவனிக்காதது. ஆதாரம் கேட்கிறார்கள், ஆனால் ஆதாரம் திரட்டச் செய்ய வேண்டிய காரியத்தைச் சட்டம் தடுக்கிறது. 1986 நவம்பரில் சிட்னியில் மருத்துவர் அலெக்ஸ் வோடாக்கும் உடன் பணியாற்றியவர்களும் சட்டத்தை மீறித்தான் முதல் மையத்தைத் திறந்தார்கள். திரும்பி வந்த ஊசிகளைச் சோதித்து எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் பேசினார்கள். ஆஸ்திரேலியா விரைவில் நாடு முழுக்கத் திட்டத்தை விரித்தது. 2000 முதல் 2009 வரை மட்டும் சுமார் 32,000 எச்.ஐ.வி. தொற்றுகள் தவிர்க்கப்பட்டன, செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் நான்கு டாலருக்கு மேல் மருத்துவச் செலவு மிச்சம் என்பது அந்த அரசு செய்வித்த கணக்கீடு. அதற்கும் முன்னால், 1984-இல் ஆம்ஸ்டர்டாமில் ஊசி மாற்றைத் தொடங்கக் காரணமாக இருந்தவர்கள் போதைப் பயனாளர்களே சேர்ந்து நடத்திய சங்கத்தினர். ஒரு மருந்துக்கடை அவர்களுக்கு ஊசி விற்பதை நிறுத்தியபோது, ஹெபடைடிஸ் பி பரவும் என்று அவர்கள்தான் முதலில் எச்சரித்தார்கள். அந்த அறிவை எந்த ஆய்விதழும் அன்று ஆதாரம் என்று ஏற்றிருக்காது.

ஆதாரத்தின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் சோதனைதான் உயர்ந்த ஆதாரம் என்பார்கள். புதிய மாத்திரைக்கு அது சரி. ஒரு பகுதியினருக்குச் சுத்தமான ஊசி, மறு பகுதியினருக்குக் கிடையாது என்று பிரித்து, யாருக்கு எச்.ஐ.வி. வருகிறது என்று காத்திருப்பது மனிதர் செய்கிற காரியமா? செய்யவே கூடாத சோதனையைக் கேட்டு, அது இல்லாததைக் குறையாகக் காட்டுகிறார்கள். கைது செய்வது, சிறையில் போடுவது ஆகியவற்றுக்கு எந்தத் தரத்திலும் ஆதாரம் கேட்டதில்லை.

வான்கூவரில் 2003 செப்டம்பரில் திறந்த இன்சைட் என்ற மையம், செவிலியர் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் இடம். அதைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் அளவு மீறிய போதையால் நேர்ந்த மரணங்கள் 35 விழுக்காடு குறைந்தன. நகரின் மற்ற பகுதிகளில் 9 விழுக்காடுதான். 2011-இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்த முடிவு இது. அதற்குள் மத்திய சுகாதார அமைச்சர் டோனி கிளெமென்ட், மையத்துக்குப் போதைப்பொருள் சட்டத்திலிருந்து கொடுத்திருந்த விலக்கை நீட்டிக்க மறுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தது. 2011 செப்டம்பர் 30 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து மையத்தின் பக்கம் நின்றார்கள். அது உயிர் காக்கிறது என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். அரசு என்ன செய்தது? 2015-இல் புதுச் சட்டம் கொண்டுவந்து, இனி இப்படி ஒரு மையம் திறக்க விண்ணப்பிப்பவர்கள் 26 வகை விவரங்களையும் சான்றுகளையும் இணைக்க வேண்டும் என்றது. தோற்ற இடத்திலேயே படியை உயர்த்திவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரே கிரிமியாவை வைத்துப் பாருங்கள். உக்ரைன் ஆட்சியில் அங்கே சுமார் 800 பேர் ஹெராயின் போன்றவற்றுக்குப் பதிலாக மருத்துவர் கொடுக்கும் மெத்தடோன் அல்லது பியூப்ரினார்பின் என்ற மாற்று மருந்தை அன்றாடம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு இருந்தார்கள். ரஷ்யச் சட்டம் மெத்தடோனை அனுமதிக்காது. 2014-இல் ரஷ்யா அந்த நிலத்தை இணைத்துக்கொண்டதும் மே மாதத்துக்குள் சிகிச்சை முழுக்க நின்றது. ஓராண்டுக்குள் நூறு பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. எய்ட்ஸ் தூதராக இருந்த மிஷேல் கசாச்கின் மதிப்பிட்டார். சிகிச்சையை நிறுத்த ஆதாரம் வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

தீங்கு குறைப்பை, அதாவது பழக்கத்தை உடனே விட முடியாதவர்களுக்கும் அதனால் வரும் கேட்டைக் குறைக்கும் வழியை, ஆதரிக்கும் நாங்களும் ஆதாரத்தைக் கையாள்வதில் எப்போதும் சுத்தமாக இருந்ததில்லை. இ-சிகரெட் சாதாரண சிகரெட்டைவிட 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று 2015-இல் இங்கிலாந்துப் பொது சுகாதாரத் துறை சொன்னது. அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு சிறு வல்லுநர் குழு கூடி உட்கார்ந்து மதிப்பெண் போட்டு எடுத்த முடிவு 2014-இல் வந்திருந்தது. முதன்மையாக அதில் சாய்ந்துதான் அந்த எண் நின்றது. லான்செட் தலையங்கத்தில் கடுமையாகக் கண்டித்தார்கள், நியாயமாகவே. புகையிலையை எரிக்காததால் தீங்கு குறைவு என்பது ஏற்கக்கூடியது. அதற்கு ஒரு துல்லியமான எண்ணைக் கட்டித் தொங்கவிட்டதுதான் பிழை. ஊசி விஷயத்திலும் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லிவிட முடியாது. எச்.ஐ.வி.க்கு ஆதாரம் வலுவானது. ஹெபடைடிஸ் சி அதைவிட எளிதாகத் தொற்றும், ஊசியோடு பகிரும் பஞ்சு, கரண்டி, தண்ணீர் வழியாகவும். ஊசி மாற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அங்கே ஆதாரம் மெலிந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் மாற்று மருந்து சிகிச்சை புதிய தொற்றைப் பாதியாகக் குறைத்தது, போதுமான ஊசியும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், மறுநாள் எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். அப்போது எச்.ஐ.வி. பற்றிச் சொன்னதையும் சேர்த்து நம்ப மாட்டார்கள்.

ஆதாரம் எதைத் தீர்க்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் தெருவில் இப்படி ஒரு மையம் வரலாமா, வரிப்பணத்தில் ஊசி வாங்கலாமா என்பவை மதிப்பீடு சார்ந்த கேள்விகள். ஒரு தாய் வந்து, என் மகன் போதையை விட வேண்டும், அவன் கையில் ஏன் ஊசி கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், அவரிடம் புள்ளிவிவரத்தை நீட்டுவது பதிலாகாது. அவன் விடும் நாள் வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அது ஆய்வு சொல்வது இல்லை, நாம் எடுக்கும் நிலைப்பாடு. மறுதரப்பும் தங்கள் நிலைப்பாட்டை நிலைப்பாடாகவே வைத்தால் நேருக்கு நேர் வாதாடலாம்.

நம் நாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில், சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த சோதனையில். நான்கு ஆண்டுகளுக்குள் மணிப்பூரில் ஊசிப் பயனாளர்களிடையே தொற்று, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து ஓராண்டுக்குள் பாதிப் பேரைத் தொட்டது. அந்த அடியைப் பட்ட மணிப்பூர்தான் 1996-இல் தீங்கு குறைப்பை மாநிலக் கொள்கையாகவே ஏற்றது. இன்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு ஊசியும் பியூப்ரினார்பினும் கொடுக்கிறது. ஆனால் 2021 கண்காணிப்புக் கணக்கெடுப்பில் ஊசிப் பயனாளர்களில் சுமார் 9 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. வளர்ந்தவர்கள் அனைவரையும் எடுத்தால் 0.2 விழுக்காடு அளவில்தான்.

2017-இல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பதிவுபெற்ற திட்டத்தில் ஒருவர் சுத்தமான ஊசியைக் கொடுத்துப் பழைய ஊசியை வாங்கினால் கொடுத்தவர்மீதும் வாங்கியவர்மீதும் குற்றம் இல்லை என்று எடுத்துக்காட்டோடு சொல்கிறது. உலகில் பல நாடுகளின் சட்டத்தில் இந்தத் தெளிவு கிடையாது. அதே நேரம் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆம் பிரிவில், போதைப்பொருளைப் பயன்படுத்துவதே குற்றம், பொருளைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ வரை சிறை. ஊசிப் பையோடு நிற்கும் களப்பணியாளரைப் பார்க்கும் காவலருக்கு இரண்டில் எந்தப் பிரிவு நினைவுக்கு வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்தத் தெருவில் ஊசி போய்ச் சேர்கிறது. உங்கள் ஊர்க் காவலர் பயிற்சியில் 22-ஆம் பிரிவு இருக்கிறதா என்று மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு அலகில் கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் எழுத்தில் மனுக் கொடுங்கள்.